கழுவி வைத்த கற்கள்

என் மனைவியின் பித்தப்பையில் கல் வந்ததால்தான் என்னுடைய கற்கள் போயின. இப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். ஆனால் நடந்தது அப்படித்தான்.

மதுரை தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு வேலை. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் பதவி உயர்வோடு பெரம்பலூர்ப் பக்கம் மாற்றல் போட்டார்கள். குடும்பத்தை மதுரையிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் போய் மூன்று வருஷம் அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளை எப்படித் தள்ளுவது என்று தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுவேன். அப்படிச் சுற்றிய ஒரு நாள், ரோடு போடுவதற்காகக் கொட்டியிருந்த கல் குவியலில் ஒன்றைப் பார்த்தேன். சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருந்தது. உள்ளங்கை அகலம். வளையத்துக்குள் வளையம், ஒவ்வொரு வளையத்திலும் வரிசையாக விலா எலும்பு போல மேடுகள். யாரோ செதுக்கியது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது அம்மோனைட். கணவாய் மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு. முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு கடலில் நீந்திய பிராணி. இன்று வெயிலில் ஆடு மேய்கிற அந்தப் பொட்டல் கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் கடலுக்கு அடியில் இருந்திருக்கிறது. செத்து விழுந்த பிராணி சேற்றில் புதைந்து, ஓட்டுக்குள் சேறு புகுந்து, சேறு கல்லாகி, கடல் விலகிப் போய், மழை மண்ணை அரித்து, கடைசியில் ஒரு லாரியில் ஏறி என் கண்ணில் பட்டிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை.

மதுரைக்குத் திரும்பியதும்தான் சங்கடம். எங்கள் ஊரில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தத் திசையில் போனாலும் மலை, பாறை, குவாரி. ஆனால் எல்லாம் பூமிக்கு அடியில் வெந்து இறுகிய கல். அதில் ஒரு நத்தைகூடச் செத்ததில்லை. சங்கீதப் பைத்தியம் பிடித்தவனைக் காது கேளாதவர்கள் ஊரில் குடிவைத்த மாதிரி ஆகிவிட்டது. ஓர் அம்மோனைட்டைப் பார்க்க மாட்டுத்தாவணியில் விடிவதற்குள் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, பாடாலூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துக் காரை கிராமத்துக்குப் போக வேண்டும். போய்ச் சேர மத்தியானம் ஆகிவிடும். மூன்று மணி நேரம் வெயிலில் குனிந்து நடந்துவிட்டு அதே வழியில் திரும்ப வேண்டும். பல தடவை பையில் ஒன்றும் இருக்காது. வருஷத்துக்கு நான்கு முறை, ஐந்து முறை என்று இப்படியே பதினொரு வருஷம் போனேன்.

சேர்ந்தவை நூற்றிருபத்தேழு. சின்னக் கற்களை முட்டை அட்டையிலும் பெரியவற்றை பேக்கரியில் வாங்கிய பிளாஸ்டிக் தட்டுகளிலும் அடுக்கிப் பின்னறையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு துண்டுச்சீட்டு. எந்த ஊர், எந்த ஓடை, ஓடைக் கரையில் எந்த அடுக்கு, எந்தத் தேதி என்று அதில் எழுதியிருப்பேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்தும் பேராசிரியர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஓடையில் வைத்துத்தான் அறிமுகமானார். நான் ஓய்வு பெறும்போது என் கற்களையெல்லாம் அவர்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் வைப்பதாகச் சொல்லியிருந்தார். ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்தவர் கற்களைவிடச் சீட்டுகளைத்தான் அதிக நேரம் படித்தார்.

"கல்லு கெடைச்சிரும் சார். எங்க கெடைச்சதுங்கிறதுதான் விஷயம். எடம் தெரியாத கல்லு வெறும் கல்லு" என்றார். "இப்படிப் பேப்பரை அடியில வைக்காதீங்க. கல்லு மேலயே ஓரமா ஒரு சொட்டு வெள்ளைப் பெயிண்ட் வச்சு, அதுல நம்பர் எழுதிருங்க. அந்த நம்பரை ஒரு நோட்டுல ஏத்திருங்க."

"அடுத்த மாசம் செஞ்சிர்றேன் சார்" என்றேன். அது நடந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

போன வருஷம் ஆவணியில் மனைவிக்கு வயிற்றுவலி வந்து, ஸ்கேன் பார்த்து, பித்தப்பையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நான் கூட இருப்பது என்றும், வீட்டைப் பார்த்துக்கொள்ள அவள் தங்கை கொட்டாம்பட்டியிலிருந்து வருவது என்றும் முடிவானது. என் கொழுந்தியாவுக்கு விவசாயக் குடும்பத்தில் வாழ்க்கை. கிணற்றுப் பாசனத்தில் கடலையும் காய்கறியும் போடுகிறார்கள். சும்மா உட்காரத் தெரியாத பெண். வந்த அன்றைக்கே பரணை இறக்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்தேன். வீடு பளபளவென்று இருந்தது. கை கழுவிக்கொண்டு பின்னறைக்குப் போனேன். தட்டுகள் காலியாக இருந்தன.

"ஏம்மா, இங்க இருந்த கல்லெல்லாம் எங்க?"

"மாடியில காயுது மச்சான். வந்து பாருங்க, புதுசு மாதிரி ஆயிருச்சு."

மொட்டைமாடியில் சாக்கு விரித்து நூற்றிருபத்தேழு கற்களையும் பரப்பியிருந்தாள். சின்னதிலிருந்து பெரியதாக, வரிசை பிசகாமல். பக்கத்தில் சோப்புத்தூள், பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு வாளி. ஈரத்தில் கற்கள் அவ்வளவு அழகாக இருந்தன. பதினொரு வருஷத்தில் நான் பார்க்காத வரிகளெல்லாம் தெரிந்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எம்புட்டு மண்ணு தெரியுமா மச்சான்? வாளித் தண்ணி மஞ்சமஞ்சேன்னு வருது. ரெண்டு நாளாத் தேய்ச்சேன். ஒண்ணுகூட உடையலை."

"அடியில சீட்டு இருந்துச்சே?"

"எந்தச் சீட்டு?"

"ஒவ்வொரு கல்லுக்கும் கீழ ஒரு பேப்பர் இருந்துச்சேம்மா."

"அந்தப் பழைய பேப்பரா? பூச்சி அரிச்சு, ஓரமெல்லாம் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. காலையில குப்பை வண்டி வந்துச்சு, போட்டுவிட்டேன்."

நான் படியிறங்கி ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டிகள் குப்பையைக் கொண்டுபோய்ப் பெரிய லாரியில் கொட்டும் இடம் எனக்குத் தெரியும். போய்ச் சேர்ந்தபோது லாரி, குப்பையை உள்ளே இழுத்து நசுக்கிக்கொண்டிருந்தது. வண்டி தள்ளும் அம்மா முகமூடியைக் கீழே இறக்கிவிட்டுக் கேட்டார்.

"என்ன சார், நகை எதுவும் போயிருச்சா?"

"இல்லம்மா. பேப்பரு. சின்னச் சின்னப் பேப்பரு."

"பத்திரமா?"

"இல்ல. கல்லுக்கு அடியில வச்சிருந்தது."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்திருக்க வேண்டும், "அது அப்பவே ஏறிருச்சு சார்" என்று மெதுவாகச் சொன்னார். லாரி இன்னொரு முறை முனகி எல்லாவற்றையும் உள்ளே தள்ளியது. அதற்கு மேல் அங்கே நிற்க வேலையில்லை. நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி படுத்தபடியே தாழ்ந்த குரலில் சொன்னாள், "அவளை ஒரு வார்த்தை சொல்லிறாதீங்க. எனக்காகப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கா."

சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மூன்று நாட்களில் தெரிந்தது. அவள் காபி கொடுத்தால் வாங்கிக் குடித்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் போய் உட்கார்ந்தேன். நினைவில் இருப்பதையாவது எழுதிவிடலாம் என்று கற்களைப் பின்னறைத் தரையில் பரப்பி உட்கார்ந்தால், சுத்தமாகக் கழுவிய கல் ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பியாகத் தெரிந்தது. இது காரையா, கருடமங்கலமா? இது பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஓடையா, இந்தப் பக்கமா? ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தாவது சொல்லியிருக்கலாம். அதையும்தான் தேய்த்துத் தள்ளியாகிவிட்டது. பழைய செல்போனில் படங்கள் இருந்தன. அந்த போன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் உயிரை விட்டிருந்தது.

நான்காம் நாள் கொழுந்தியாவே வந்து அறை வாசலில் நின்றாள். கையில் துடைப்பம்.

"திட்டணும்னா திட்டிருங்க மச்சான். இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்கல. அந்தப் பேப்பரு எம்புட்டு முக்கியம்னு அக்கா சொல்லிருச்சு."

எனக்குத் திட்ட வரவில்லை. உட்காரச் சொல்லி, ஒரு கல்லை எடுத்துக் காட்டி, சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று விளக்கினேன். எந்த அடுக்கில் இருந்தது என்று தெரிந்தால்தான் எது முந்தி வாழ்ந்தது, எது பிந்தி வாழ்ந்தது என்று சொல்ல முடியும். அது இல்லாவிட்டால் கல்லூரியில் வாங்க மாட்டார்கள் என்று சொன்னேன். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப இது சர்வே நம்பர் இல்லாத நெலம்" என்றாள். "யாரும் வாங்க மாட்டாக."

பதினொரு வருஷத்தில் என் வீட்டில் யாருக்கும் இதை இவ்வளவு சுருக்கமாக நான் புரியவைத்ததில்லை. என் மனைவிக்கேகூட.

அன்று அலமாரியைக் குடைந்ததில் ஆரம்ப வருஷங்களில் வைத்திருந்த இரண்டு பாக்கெட் நோட்டுகள் அகப்பட்டன. அப்போது எனக்கு உற்சாகம் அதிகம். ஒவ்வொரு கல்லையும் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, பக்கத்திலேயே எடுத்த இடத்தையும் எழுதியிருந்தேன். கற்களை அந்தக் கோடுகளின் மேல் வைத்துப் பொருத்திப் பார்த்ததில் முப்பத்தொன்பது தேறின. மீதி எண்பத்தெட்டு. அவற்றை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய், எடுத்த இடங்களில் வைத்துப் பார்த்தால் ஏதாவது பிடிபடலாம் என்று தோன்றியது. அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

"நான் கழுவினதுதான, நானும் வாரேன்" என்றாள்.

மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்த பிறகு ஒரு சனிக்கிழமை கிளம்பினேன். கல்மூட்டை ஒன்றை மடியிலும் ஒன்றைக் காலடியிலும் வைத்துக்கொண்டு திருச்சி பஸ்ஸில் உட்கார்ந்தேன். கொழுந்தியா கொட்டாம்பட்டியில் ஏறுவதாக ஏற்பாடு. கண்டக்டர், "கொட்டாம்பட்டிக்குள்ள போகாது சார், பைபாஸ் ரைடர்" என்றார்.

"ஒரே ஒரு ஆளு அண்ணே. ரோட்டுலயே நிப்பாங்க. ஒரு நிமிஷம்."

"ஒருத்தருக்கு நிறுத்துனா எல்லாரும் கேப்பாங்க சார். ஏறும்போதே பாத்து ஏறியிருக்கணும்."

மேலூர் தாண்டும்வரை அவரிடம் கெஞ்சினேன். மசியவில்லை. போனில் கூப்பிட்டு, வேறு பஸ்ஸில் வரச் சொல்லலாம் என்றால் அவள் எடுக்கவில்லை. கொட்டாம்பட்டி பைபாஸ் வந்ததும் பஸ் தானாக ஓரங்கட்டி நின்றது. கூடையும் தூக்குவாளியுமாக ரோட்டோரம் நின்றவள், "நல்லா இருக்கீகளாண்ணே?" என்று டிரைவரைக் கேட்டுக்கொண்டே ஏறினாள். அவருடைய தோட்டம் இவர்கள் தோட்டத்துக்கு அடுத்ததாம். கண்டக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழித்தார். நானும் அவரைப் பார்க்கவில்லை.

காரைக்குப் போய் இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மரம் மட்டை இல்லாத செம்மஞ்சள் பொட்டல். மழை அரித்து அரித்து ஆள் உயரத்துக்கு ஓடைகள் பிளந்திருக்கும். நடக்கிற இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு போல ஜிப்சம் மின்னும். ஒவ்வொரு கல்லாக எடுத்து ஓடைக்கரையில் வைத்துப் பார்த்தேன். இங்கேதானா? இந்தத் திருப்பமா? ஆனால் பதினொரு வருஷ மழையில் ஓடைகளே இடம் மாறியிருந்தன. நான் அடையாளம் வைத்திருந்த கரை ஒன்று சரிந்து காணாமல் போயிருந்தது. ஒரு மணி நேரத்தில் ஒன்றைக்கூட நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கழுத்து தீய்ந்தது. எதற்கு வந்தோம் என்று ஆகிவிட்டது.

"மச்சான், இந்த இடுக்கைப் பாருங்க" என்றாள் அவள். சேலை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மூட்டைக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். "பிரஷ்ஷு போகாத எடத்துல மண்ணு அப்படியேதான இருக்கு."

தாலிச் செயினில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, சுருளின் நடுக்குழியைக் குடைந்து, மிளகளவு மண்ணை உள்ளங்கையில் தட்டினாள். எச்சில் தொட்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஓடைக்கரையில் மேலே ஒரு பிடி, நடுவில் ஒரு பிடி, கீழே ஒரு பிடி எடுத்து அதேபோல் தேய்த்தாள்.

"இது நொய்மண்ணு, மேல உள்ளது. அது களி, பாருங்க, வழுக்குது. இந்தக் கல்லு களியில கெடந்தது."

எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த புத்தகங்களில் மண்ணைத் தேய்த்துப் பார்க்கச் சொல்லித்தான் இருந்தது. நான் செய்ததில்லை. மண் என் விரலுக்கு வெறும் மண். அவளுக்கோ, தினமும் தண்ணீர் பாய்ச்சுகிற பொருள். நான்கு மணிக்குள் இருபத்திரண்டு கற்களுக்கு மண் பொருந்தியது. நான் எழுத, அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

திரும்பும் வழியில் ஒண்ணுக்குப் போய் வருவதாகச் சொல்லி ஒரு திருப்பத்துக்கு அந்தப் பக்கம் போனவள், அங்கிருந்தே கத்தினாள். "மச்சான், இங்க ஒண்ணு சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு!"

போய்ப் பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டு அளவு. கரையில் பாதி புதைந்து பாதி வெளியே தெரிந்தது. நடுச்சுருளிலிருந்து வாய்வரை ஒரு சேதாரமும் இல்லை. பதினொரு வருஷமாக நான் தேடிய கல். அந்த ஓடை வழியாக எத்தனை முறை போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. சந்தோஷப்படுவதற்குப் பதில் வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதானால் அப்படித்தான் இருந்தது.

"பையப் பைய எடுக்கலாம் மச்சான். சுத்தி மண்ணைத் தோண்டிக்கிருவோம்" என்றாள்.

பாடாலூருக்குக் கடைசி ஷேர் ஆட்டோ போய்விடும் என்ற பதற்றம் எனக்கு. "எனக்குத் தெரியும், தள்ளு" என்று உளியை ஓரத்தில் வைத்து ஓங்கித் தட்டினேன். இரண்டாவது அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். கல் மூன்று துண்டாகி என் காலடியில் விழுந்தது.

அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பசை போட்டா ஒட்டிக்கிரும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

ஆட்டோ போயிருந்தது. பாடாலூருக்குப் பாதி தூரம் நடந்து, பால் வண்டி ஒன்றை நிறுத்தி ஏறிப் போனோம். வழியெல்லாம் தூக்குவாளியில் மிச்சமிருந்த புளியோதரையைத் தின்னச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு இறங்கவில்லை.

பங்குனியில் பேராசிரியர் காரோடு வந்தார். நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். மண் பொருத்தம் பார்த்த பட்டியலைக் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "நல்ல வேலை செஞ்சிருக்காங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஆனா சார், மண்ணை வச்சு இந்தப் பகுதியா இருக்கும்னு ஊகிக்கலாம். இதே களி நாலு கிலோமீட்டருக்குக் கெடக்கு. 'இருக்கலாம்'னு நான் எப்படி லேபிள் எழுதுறது?"

இருபத்திரண்டும் போயிற்று. நோட்டில் வரைந்திருந்த முப்பத்தொன்பதை மட்டும் பெட்டியில் அடுக்கினார். கடைசியாக, பசை போட்டு ஒட்டிய பெரிய கல்லைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. ஓடை, திருப்பம், தரையிலிருந்து எவ்வளவு உயரம், மேலே என்ன மண், கீழே என்ன மண் என்று எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல நான் அன்றைக்கே எழுதியிருந்தேன்.

"இதுதான் சார் ரெக்கார்டு! யார் எடுத்தது? பேரைச் சொல்லுங்க, லேபிள்ல போடணும்."

சொன்னேன். வேறென்ன செய்வது?

அன்று சாயங்காலம் கொட்டாம்பட்டிக்கு போன் போட்டுத் தகவல் சொன்னேன். அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். பாத்தியில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தாள் போல.

"எம் பேரைப் போடுறாகளா?" என்று சிரித்தாள். "உடைச்சது யாருன்னும் போட்டிருக்காகளா மச்சான்?"

"வைம்மா போனை" என்றேன்.

எண்பத்தெட்டு கற்களும் இப்போது கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. திரும்பக் கொண்டுபோய் ஓடையில் போட்டுவிடலாம் என்றாள் மனைவி. அதுவும் முடியாது. தவறான இடத்தில் கிடந்தால் இன்னொருவன் எடுத்து, அது அங்கேயே பிறந்தது என்று நம்பிச் சீட்டு எழுதிவிடுவான். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்றால், கேட்பவர்கள் எல்லாரும் ராசிக்கல்லா என்று கேட்கிறார்கள்.

போன வாரம் கடையில் சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கி வந்தேன். நம்பர் போட மெல்லிய பிரஷ் ஒன்றும் வாங்கினேன். இரண்டும் பிரிக்காமல் மேஜையில் இருக்கின்றன. முதல் கல்லை எடுத்து மடியில் வைத்தேன். ஒன்று என்று எழுதலாம். அந்த ஒன்றுக்கு நேராக நோட்டில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.